பௌர்ணமிக்கு இரண்டு மாத்திரை

பௌர்ணமி அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்காதே என்று எந்தச் சாஸ்திரமும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் மாதம் தவறாமல் அண்ணாமலையைச் சுற்றுகிற எங்கள் வேங்கிக்கால் ஊர்க் கும்பலில் அது எழுதாத விதி. விதியின் காரணம் கழிப்பறை. பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால், முன்னும் பின்னும் ஜனக்கூட்டம். நடுவில் சிறுநீர் முட்டினால் வரிசையில் நிற்க வேண்டும், முடித்த பிறகு கால் கழுவத் தண்ணீர் தேட வேண்டும், அதற்குள் கும்பல் எங்கோ போயிருக்கும். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு அந்த அவசரம் எத்தனை தரம் வரும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் தண்ணீரையே நிறுத்தினோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புகாரைக் குறைப்பதற்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவது என்கிற நிர்வாக முறை எனக்குப் புதிதல்ல.

இன்னொரு ஏற்பாடு என் வீட்டுக்கே உரியது. என் மனைவி கோமதிக்கு மூட்டுத் தேய்மானம். எலும்பு டாக்டர் அவளை மலை சுற்றக் கூடாது என்று சொல்லி, வலி தாங்கவில்லை என்றால் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கும் முழங்கால் பேச ஆரம்பித்ததிலிருந்து, கோமதி தன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கிளம்பும்போது கையில் கொடுப்பாள். இன்னொன்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பாள். "அடி அண்ணாமலை வந்ததும் போட்டுக்குங்க. மறந்துடாதீங்க" என்பாள். பாதி வழிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஊர் அது. அங்கே ஒரு மடக்குத் தண்ணீரோடு அதை விழுங்குவேன். மிச்ச வழியை மாத்திரை பார்த்துக்கொள்ளும்.

பௌர்ணமிக்கு இரண்டு. அது அவளுடைய கணக்கு. அவளுக்குத் தெரியாமல் எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மாசி மாதத்திலிருந்து சாதாரண நாளிலும் முழங்கால் வலித்தது. சொன்னால் எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், அவர் எனக்கும் மலையை நிறுத்துவார். எனவே அதே மாத்திரையை நானே கடையில் வாங்கி, ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று போட்டு வந்தேன். வலி போனது. மாத்திரை எங்கே போகிறது என்று நான் விசாரிக்கவில்லை.

சித்ரா பௌர்ணமி வந்தது. தார்ச்சாலை சூரியன் இறங்கிய பிறகும் சுட்டது. வியர்த்துக் கொட்டியது. வழக்கம்போல் தண்ணீர் கிடையாது. வீடு திரும்பியதும் வாந்தி. வெயில் என்று நினைத்தேன். மறுநாள் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் கொஞ்சமாக வந்தது. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. எதிர்வீட்டு அன்வர் பாய் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பாத்திரத்தில் ஒடுக்கு விழுந்தாலும் புடைப்பு விழுந்தாலும் தூரத்திலேயே கண்டுபிடிப்பார். வாசல் கேட்டருகில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னா சார், மூஞ்சி உப்பிக்கினு இருக்கு? சம்பந்தி வீட்டு விருந்தா?"

"தூக்கம் ஜாஸ்தி பாய்."

"தூக்கத்துல கால் கூடவா வீங்கும்? அக்கா! கொஞ்சம் வெளிய வாங்க. இவரை நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன். கார் எடுத்துட்டு வர்றதுக்குள்ள சட்டைய மாத்தச் சொல்லுங்க."

ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், எனக்கு நல்லதே செய்தார்கள். சேரும் இடத்தில் ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையை நீட்டி, அவசரச் சேர்க்கையில் முன் அனுமதி பிறகு வாங்கினாலும் செல்லும் என்று விதியைச் சொல்லி விளக்கினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரெக்ட் சார். அந்தச் சக்கர நாற்காலியில உட்காருங்க" என்றாள். நான் சொன்னது எல்லாம் சரி. வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். மாலைக்குள் சிறுநீரக டாக்டர் வந்தார். இளம்பெண், எங்கள் மகள் பாரதியைவிடச் சின்னவராக இருப்பார். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதாகச் சொன்னார். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. உடம்பில் யாருக்கும் அதனால் பயன் இல்லை. சிறுநீரகம் அன்றன்றைக்கு அதை வெளியேற்றுகிறது. அது ரத்தத்தில் தேங்கி நின்றால், வெளியேற்றுகிற இடத்தில் வேலை நடக்கவில்லை என்று பொருள். இதில் ஒரு கொடுமை, சிறுநீரகம் பாதிக்குமேல் படுத்த பிறகுதான் இந்த எண் வெளிப்படையாக ஏறும். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும். இப்படி இயங்கிய அலுவலகங்கள் சிலவற்றை எனக்குத் தெரியும்.

டாக்டர் கேள்விகள் கேட்டார். சர்க்கரை? இல்லை. ரத்த அழுத்தம்? கொஞ்சம். வயிற்றுப்போக்கு? இல்லை. புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்குமோ என்று ஸ்கேன் பார்த்தார்கள். அடைப்பு இல்லை, பைக்குள் சிறுநீரே இல்லை. அடுத்து வந்தது அந்தக் கேள்வி.

"ஐயா, வலி மாத்திரை போடற பழக்கம் உண்டா? மூட்டு வலி, தலைவலி, எதுக்காவது?"

கோமதி என் கட்டிலருகே கையில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

"நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது?"

"அதெல்லாம் கிடையாது."

கோமதி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நான் கைதவறி ஒரு டம்ளரை உடைத்தால்கூட, அதை ஓரத்தில் வைத்தது தான்தானே என்று கோமதி பழியைத் தன்மேல் போட்டு முடிப்பாள். பாரதி சிறுமியாக இருந்தபோது மழையில் நனைந்து காய்ச்சல் வந்ததற்கு, அன்று குடை கொடுக்க மறந்ததைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் கொடுத்த மாத்திரைதான் என் சிறுநீரகத்தைப் படுக்க வைத்தது என்று ஒரு டாக்டர் வாயால் அவள் கேட்டால், மீதி வாழ்நாளை அவள் எப்படிக் கழிப்பாள் என்று எனக்குத் தெரியும். இந்தக் காரணம் எனக்கே பிடித்திருந்தது. ஸ்கூட்டர் டிக்கியின் நினைவும் அப்போது ஓரமாக வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் கழுத்தில் ஒரு குழாயைச் செருகி டயாலிசிஸ் தொடங்கினார்கள். படுத்துக்கொண்டே யோசிக்க நான்கு மணி நேரம் கிடைக்கும் வேறு இடம் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டுக் கேட்டுச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

முதுகுப்புறம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, ஆளுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் மூடிய கைமுட்டி அளவு. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் வருகிறது. நான் நினைத்திருந்தது, சிறுநீரகம் ரத்தத்தில் கெட்டதைத் தேடிப் பொறுக்கி வெளியே போடும் என்று. நடப்பது நேர்மாறு. ரத்த அணுக்களையும் புரதத்தையும் தவிர, தண்ணீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டிவிடுகிறது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர்போல. பிறகு நீளமான நுண்குழாய்கள் வழியாக அது ஓடும்போது, உடம்புக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசியில் யாருக்கும் வேண்டாதது ஒன்றரை, இரண்டு லிட்டர் மிஞ்சும். அதுதான் சிறுநீர். மேசையில் இருப்பதை எல்லாம் தரையில் கொட்டிவிட்டு வேண்டிய கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கிற குமாஸ்தாவை நான் நிச்சயம் இடைநீக்கம் செய்திருப்பேன். ஆனால் இந்த முறையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. புதிதாக என்ன விஷம் வந்தாலும் அதற்கென்று தனி உத்தரவு தேவையில்லை. எடுக்கச் சொல்லாதது எல்லாம் தானாக வெளியே போய்விடும்.

இதைத் தவிரவும் அதற்கு வேலை உண்டு. ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது, எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேரச் செய்வது, ரத்தம் ஊறும்படி மஜ்ஜைக்கு ஆணை அனுப்புவது. கூடுதல் பொறுப்புகளை முணுமுணுப்பில்லாமல் பார்க்கிற ஒரே இலாகா.

உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் தனக்கு வருகிற ரத்தக்குழாயின் வாசலை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு சமாளிக்கும். வலி மாத்திரை அந்த வாசலை இறுக்கிவிடும். தண்ணீரும் இல்லை, வாசலும் இறுகிவிட்டது என்றால் உள்ளே நுண்குழாய்கள் பட்டினி கிடந்து சாகும். இதை டாக்டர் பொதுவாகச் சொன்னார். "உங்களுக்கு அப்படி இருக்காது, நீங்கதான் மாத்திரையே போடறதில்லையே" என்று சேர்த்தார். என்னைப் பார்க்காமல் சொன்னதுபோல் இருந்தது.

டயாலிசிஸ் இயந்திரம் மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் என் ரத்தத்தையும் மறுபக்கம் உப்புநீரையும் ஓட விடுகிறது. கழிவு சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் என்னைச் சுற்றிப் படுத்திருந்தவர்களில் பலர் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருஷக்கணக்காக அரித்துச் சிறுநீரகத்தை முடித்துவிட்டவர்கள். வாரத்துக்கு மூன்று தரம், வாழ்நாள் முழுக்க. என்னுடையது திடீரென்று படுத்தது. எழுந்திருக்கலாம், எழாமலும் போகலாம். எது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி சிறுநீர். என் கட்டிலில் தொங்கிய பையில் நாளெல்லாம் சேர்ந்தது ஒரு காபி டம்ளர்கூட இல்லை. வீடே அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓசூரிலிருந்து பாரதி போன் செய்தால் "அப்பா எப்படி இருக்காரு" என்று கேட்கமாட்டாள். "எவ்ளோ வந்துது?" என்பாள்.

வெளியே போகாததால் உள்ளேயும் விடமாட்டார்கள். மாத்திரை விழுங்குவது உட்பட நாள் முழுக்க அரை லிட்டர் தண்ணீர். என் விருப்பப்படி தண்ணீரை நிறுத்தியவன், இப்போது கண்ணில் படுகிற குழாயை எல்லாம் ஏக்கமாகப் பார்த்தேன். கோமதி காபியை மூடியில் ஊற்றி மூடியிலேயே கொடுப்பாள். உதடு காய்ந்தால் துணியை நனைத்து ஒற்றுவாள். அவள் என் கண்ணெதிரில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தாகம் எடுத்தால் தாழ்வாரத்துக்குப் போய்விடுவாள். அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. வாங்கி வந்த பொட்டலம் பாதி பிரித்தபடி ஜன்னலில் கிடக்கும்.

"ஏன் சாப்பிடல?"

"பசிக்கல."

"நேத்தும் அதான் சொன்ன."

"நேத்தும் பசிக்கல."

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இளநீர் கொண்டு வந்தார்கள். சிறுநீர் பிரச்சினை என்றால் இளநீர் என்று இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் இளநீரில் பொட்டாசியம் ஜாஸ்தி. சிறுநீரகம் வேலை செய்யாதவன் உடம்பில் அது தேங்கினால் இதயமே தாளம் தப்பி நின்றுவிடும். வாழைப்பழத்துக்கும் அதே தடை. அன்வர் பாய் கொண்டு வந்த இரண்டு இளநீரையும் நர்ஸ் கதவருகிலேயே பிடுங்கிவிட்டாள்.

"அன்பா குடுத்தா கொலைன்றீங்களேம்மா."

"இவருக்கு வேணாம்னுதான் சொன்னேன் பாய்."

"அப்போ எனக்கு ஆகும்ல? ஸ்ட்ரா குடுங்க." நின்ற இடத்திலேயே இரண்டையும் குடித்துவிட்டு, "சார், உங்க பேர்ல குடிச்சாச்சு. பலன் வந்துடும்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் சபேசன் என்று ஒரு குருக்கள். கிராமத்துச் சிவன் கோயில் ஒன்றில் பூஜை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். சிறுநீரகக் கல். முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு வலி இறங்கும்போது மனிதர் கட்டிலிலேயே நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சுழன்றார். ஊசி போட்டு வலி அடங்கிய பிறகு பேச்சு வரும்.

"கர்ப்பக்ரஹத்துக்குள்ள விளக்கு சூடு சார். வேர்த்து ஊத்தும். நடுவுல வெளியில போயிட்டு வந்தா திரும்ப ஸ்நானம் பண்ணணும். எத்தனை தரம் பண்றது? அதுக்குப் பயந்துண்டு ஜலத்தையே நிறுத்திட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"அப்பா காலத்துலேர்ந்து. அவருக்கும் கல்லுதான். வெளியில ஒரு கல்லைக் கும்பிட்டுண்டே இருந்தேன், உள்ளேயும் ஒண்ணு பிரதிஷ்டை ஆயிடுத்து."

தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் உப்புகள் அடர்ந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோலப் படிந்து கல்லாகின்றன. நான் மலையைச் சுற்றி வெளியே செய்ததை அவர் கருவறைக்குள் நின்று செய்திருக்கிறார். அவருக்குக் கல், எனக்கு வறட்சி. அவருடைய கல் சின்னது, நிறையத் தண்ணீர் குடித்தால் தானாக விழும் என்று சொல்லி, அவருக்கு ஜக்கு ஜக்காகத் தண்ணீர் வைத்தார்கள். அவர் அதை என் கண்ணெதிரில் முகம் சுளித்துக்கொண்டு குடித்தார். வாழ்க்கையில் இவ்வளவு பொறாமையாக நான் யாரையும் பார்த்ததில்லை.

ஒரு வாரம் போல ஆகியும் பையில் மாற்றம் இல்லை. டாக்டர் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்கிற டாக்டரைக் கண்டால் எனக்குக் கலக்கம்.

"ஐயா, இந்நேரம் கொஞ்சமாவது திரும்பியிருக்கணும். ஏன் திரும்பலைன்னு தெரியல. பயாப்சி பண்ணிப் பார்த்துடலாம். முதுகு வழியா ஊசி விட்டு, சிறுநீரகத்துலேர்ந்து துளி சதை எடுப்போம். ரத்தம் கசியற அபாயம் கம்மிதான், ஆனா இல்லைன்னு சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமை."

"பண்ணலைன்னா?"

"காரணம் தெரியாம டயாலிசிஸ் போய்க்கிட்டே இருக்கும்."

கோமதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். காரணம் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் ஊசி தேவைப்படாமல் போகலாம். ஆனால் கோமதி இல்லாதபோது சொல்ல வேண்டும். இதற்கான நடைமுறையை நான் வகுக்க ஆரம்பித்தேன். டாக்டர் வருகிற நேரமாகப் பார்த்து அவளைக் காபிக்கு அனுப்பினேன். பிளாஸ்க்கை நர்ஸிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். கோயிலுக்குப் போய்விட்டு வா என்றேன். "அவரு எங்க போயிடப் போறாரு, அப்புறம் பார்த்துக்கறேன்" என்றாள். ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோதுதான், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்தவள் அவள் என்பது நினைவு வந்தது.

கடைசியில் அவளை உள்ளே விடாத ஒரே இடம் டயாலிசிஸ் கூடம் என்று கண்டுபிடித்தேன். அடுத்த முறை இயந்திரத்தில் மாட்டியிருந்தபோது டாக்டர் சுற்றி வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு விஷயம். நான் முதல்ல சொன்னது தப்பு. வலி மாத்திரை போட்டிருக்கேன்."

அவர் முகத்தில் வியப்பே இல்லை.

"தெரியும் ஐயா. சேர்ந்த அன்னிக்கே அம்மா மாத்திரை அட்டையோட என் ரூமுக்கு வந்துட்டாங்க. 'நான்தான் குடுத்தேன், பௌர்ணமிக்கு ரெண்டு'ன்னு சொல்லி அழுதாங்க. 'எனக்காகத்தான் அவரு இல்லைன்னு சொல்லிட்டாரு, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்'னாங்க. ரெண்டு மாத்திரையில, அதுவும் மாசத்துக்கு ஒரு தரம், இந்த அளவுக்கு ஆகாதும்மான்னு நான் எவ்வளவோ சொன்னேன். நம்பல. பயாப்சி வரைக்கும் போறதே அதனாலதான். கணக்கு இடிக்குது."

இயந்திரம் சீராக முனகிக்கொண்டிருந்தது. என் ரத்தம் கண்ணெதிரே குழாயில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அந்த நிலையில் ஒரு மனிதனால் எழுந்து நடந்து போக முடியாது.

"அவ குடுத்தது ரெண்டுதாங்க" என்றேன். "நானா வாங்கிப் போட்டது வேற. தினம் ரெண்டு. மாசியிலேர்ந்து."

டாக்டர் கையிலிருந்த பேனா நின்றது.

"வீட்ல தெரியாதா?"

"தெரியாது."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். கோபத்தை அடக்கினார் என்று நினைக்கிறேன். அடக்கியதும் தகவல் மட்டும் வந்தது. பல நாள் தொடர்ந்து அந்த மாத்திரையைப் போட்டால் சிலருக்கு அது ஒவ்வாமல் சிறுநீரகத்தின் சதைக்குள்ளேயே அழற்சி கிளம்பும். நுண்குழாய்களைச் சுற்றி வீங்கி நெரிக்கும். அப்படி இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பிடிக்கலாம், ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். நாள் கடந்தால் வீங்கிய இடம் தழும்பாகிவிடும். தழும்பு சிறுநீர் பிரிக்காது.

"பயாப்சியை நாளைக்கே வெச்சுக்கலாம். முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கி நிறுத்தினார். "போகட்டும். அம்மா கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவங்களுக்கு ஆறுதல் மாதிரிதான் இருக்கும். நம்பமாட்டாங்க."

அவளைக் காப்பாற்ற நான் சொன்ன பொய் அவளை அதே குற்ற உணர்விலேயே கட்டிப்போட்டிருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் முதல் நாளே அவள் விடுதலை. என்னை ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து காப்பாற்றிக்கொள்ளத்தான் அத்தனையும் என்பதை, ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போது ஒப்புக்கொள்வது ஓரளவு எளிதாக இருந்தது.

வார்டுக்குக் கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். கோமதி போர்வையை இழுத்துவிட்டாள்.

"கோமதி, உட்காரு. மாத்திரை விஷயம் டாக்டர் கிட்ட நீ சொன்னது எனக்குத் தெரியும்."

அவள் முகம் சுருங்கியது. "நான் என்னங்க பண்ணட்டும், வலிக்குதேன்னுதான்..."

"நீ குடுத்தது இல்லை. கேளு. நானா கடையில வாங்கி தினம் ரெண்டு போட்டேன். மூணு மாசமா."

அவள் போர்வையிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் குருக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"ஸ்கூட்டர் டிக்கியில."

"அதான் பால் வாங்க தெருமுனைக்குப் போறதுக்குக் கூட ஸ்கூட்டர் எடுத்துனு போனீங்களா?"

"ஆமா."

"நான் இன்னா வேண்டிக்கினேன் தெரியுமா? என்னோடத ஒண்ண எடுத்து இவருக்கு வெச்சிடுன்னு. டாக்டரம்மா கிட்ட ரத்தம் பொருந்துமான்னு கூடக் கேட்டேன். குடுத்திருப்பேங்க. டிக்கில மாத்திரை ஒளிச்சு வெச்ச ஆளுக்கு என் சிறுநீரகத்த அறுத்துக் குடுத்திருப்பேன்!"

குருக்கள் சிரிப்பை அடக்க முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மாமி, கொஞ்சம் மெதுவா. எனக்குக் கல் நகர்றது" என்றார்.

கோமதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நாலு பேர் கேட்கட்டும்" என்றாள்.

மறுநாள் பயாப்சி. குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரக்கச் செய்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் ஒரு சத்தம். அதற்கப்புறம் அசையாமல் ஒரு பகல் படுத்திருந்தேன். முடிவு டாக்டர் நினைத்தபடியே வந்தது, அழற்சி. சில இடங்களில் தழும்பும் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள். என் சிறுநீரகம் பழைய நிலைக்கு முழுக்கத் திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். உப்பு குறைவு, வலி மாத்திரை வாழ்நாள் தடை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த அளவில் அது என்னோடு ஒத்துப்போகிறது. டயாலிசிஸ் இல்லாமல் இதை எழுதுகிறேன். எத்தனை நாளைக்கு இப்படி என்று டாக்டரிடம் கேட்டதில்லை.

ஸ்டீராய்டு தொடங்கிச் சில நாளில், ஒரு காலை, நர்ஸ் பையைத் தூக்கிப் பார்த்து, குனிந்து மறுபடி பார்த்தாள். "அம்மா, இங்க வந்து பாருங்க" என்றாள். பை பாதிக்குமேல் நிறைந்திருந்தது. வெளிறிய மஞ்சள், வெயிலில் பிடித்தால் தெளிவாக இருந்தது. கோமதி அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். பாரதியிடம் பேசுகிற குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"அறுநூறு! ராத்திரியிலேர்ந்து அறுநூறு மில்லி! ஆமாண்டி, உங்க அப்பாதான்... இல்ல, நான் குடுத்த மாத்திரை இல்ல. அவரே கடைல வாங்கி முழுங்கியிருக்காரு. டிக்கில வெச்சு! எனக்குத் தெரியாம! எல்லாம் உங்கப்பா பண்ண வேலை!"

நர்ஸுகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அரசுப் பணியில் என் மேல் வந்த குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் விளக்கம் எழுதியிருக்கிறேன். இதற்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அவள் அதை அடுத்து தன் தங்கையிடமும், அதற்கடுத்து அன்வர் பாயிடமும் அதே உரத்த குரலில் சொன்னாள். ஒவ்வொரு தரமும் குற்றம் கொஞ்சம் வளர்ந்தது.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, "பசிக்குது" என்றாள். கேன்டீனுக்குப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. மூன்று தோசை சாப்பிட்டாளாம். சட்னியில் உப்பு ஜாஸ்தி என்று குறை சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து, கட்டிலில் என் காலருகே தலையை வைத்து, சத்தமாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள்.